கண்ணாலேயே ஒரு தராசு

தருமபுரி மாவட்ட அங்கன்வாடிகளில் குழந்தைக்கு மாதம் ஒருமுறைதான் எடை பார்க்கிறார்கள். சொந்தக்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணால் எடை போட்டு, "என்ன பாப்பா, இளைச்சுக் கறுத்துட்டே?" என்று நிறச் சான்றிதழையும் சேர்த்தே வழங்கிவிடுகிறார்கள். 2023-இல் இங்கே ரேஷனில் 2 கிலோ கேழ்வரகு வந்தபோது, கருத்த களிதான் உடம்புக்குச் சத்து என்று மெச்சிய அதே வாய்! 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீமே 2020-இல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. கம்பெனிக்கு வந்த கூச்சம் சித்தப்பாவுக்கு இன்னும் வரவில்லை. மூன்று வயதுப் பிள்ளை கண்ணாடியைவிட நம் வாயைத்தான் நம்புகிறது. அடுத்தமுறை விருந்துக்குப் போனால், "இன்னிக்கு என்ன சாமி விளையாடினே?" என்று கேளுங்கள். நிறம் பற்றிய ஆராய்ச்சியை மாம்பழத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.