அழாத ராணிக்கு ஒரு நாவல் தேவை

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களைத் தனியாகக் கூப்பிட்டு விசாரியுங்கள். வெளியே குந்தவை, வானதி என்று மரியாதையாகச் சொல்வார்கள். ராத்திரி ஒரு மணி வரை பக்கம் புரட்டியது நந்தினிக்காகத்தான். இரக்கமே இல்லாத கதாநாயகி என்றால் நமக்கு அப்படி ஒரு குஷி! அவள் கல்கியின் கற்பனை. திருவனந்தபுரத்துக்காரர்களுக்கோ அசலாகவே ஒருவர் கிடைத்தார். பிடித்து அழ வைத்துவிட்டார்கள்.

பெயர் உமையம்மை ராணி. ஆற்றிங்கல் ராணி, 1677 முதல் 1684 வரை வேணாட்டின் (பின்னாளைய திருவிதாங்கூர்) ரீஜென்ட். எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற லோக்கல் தாதாக்கள் மன்னர் ஆதித்ய வர்மாவுக்கு விஷம் வைத்தார்களாம். ராணியின் ஆறு பிள்ளைகளில் ஐந்து பேரைக் களிப்பான்குளத்தில் மூழ்கடித்தார்களாம். மிஞ்சிய ஒருவனோடு ராணியம்மா அழுதுகொண்டே நெடுமங்காட்டுக்கு ஓடினாராம். கேட்டால் நெஞ்சு பதறும். ஆனால் இதை விலாவாரியாக எழுதிய சங்குண்ணி மேனனின் புத்தகம் வந்தது 1878-ல். அதாவது, இருநூறு வருஷம் கழித்து வந்த பிரேக்கிங் நியூஸ்!

அதே காலத்தில் நேரில் இருந்தவர் ஒருவர் உண்டு. டச்சுக் கம்பெனியின் மலபார் கவர்னர் ஹென்ட்ரிக் வான் ரீடு. நம்மூர்ச் செடிகொடிகளை 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்று 12 தொகுதிகளில் பதிவு செய்த ஆசாமி. இலை நரம்பையே விடாதவர் ராணியை விடுவாரா? ஆற்றிங்கல் ராணிகள் கரமனை ஆற்றைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ராஜகுல உரிமை காலி என்பது அன்றைய சட்டம். இன்று நாகர்கோவில் பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை தருவதற்குள் தாண்டிவிடுகிற ஆறுதான். ராணி தாண்டினார். ஓடியது யார் தெரியுமோ? மன்னர்!

எல்லோருக்கும் அவரிடம் மரியாதை பாதி, பயம் பாதி என்கிறார் வான் ரீடு. டச்சுக் கவர்னரே பயத்தை ஒப்புக்கொள்கிறார், நாம்தான் ஒப்புக்கொள்வதில்லை.

அடுத்து முகிலன் என்றொரு படைத்தலைவன் வேணாட்டுக்குள் நுழைந்தான். ராணியம்மா வடமலபார் கோட்டயத்திலிருந்து கேரள வர்மா என்ற இளவரசரை வரவழைத்தார். சுத்தமான அவுட்சோர்சிங். திருவட்டாறு பக்கம் நடந்த சண்டையில் முகிலனைக் குளவிகள் கொட்டியதாகக் கதை. குளவிக்குக்கூட வெற்றியில் பங்கு உண்டு, ராணிக்குத்தான் இல்லை.

1685-ல் ஆங்கிலக் கம்பெனி ஆற்றிங்கல் அரண்மனைக்குப் பரிசுப் பொருட்களோடு ஓர் அழகான வாலிபனை அனுப்பியது. ராணி பார்த்தார். மறுநாளே, கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று கேட்டுவிட்டார். பையன் பணிவோடு மறுத்தான். ஆனாலும் ஒன்றிரண்டு மாதம் அரண்மனையிலேயே தங்கினான். எழுதிவைத்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ஹாமில்டன். வம்பு பேசுவதில் நம்ம டீக்கடைக்குச் சளைத்தவர் இல்லை என்பதால், பாதியைக் கழித்துக்கொள்ளலாம். மீதிப் பாதியே போதாதா?

மலையாளக் கவிஞர் உள்ளூர் பரமேஸ்வர ஐயர் ராணியைப் பற்றி 'உமாகேரளம்' என்று ஒரு மகாகாவியமே பாடிவிட்டார். நான் கேட்பது காவியம் அல்ல. பஸ்ஸில் படித்துக்கொண்டே ஸ்டாப்பைத் தவறவிடுகிற மாதிரி ஒரு நாவல். ராணியின் நெடுமங்காடு கோயிக்கல் அரண்மனை இப்போது மியூசியம். யாராவது எழுத்தாளர் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கரமனை ஆற்றிலேயே முதல் அத்தியாயத்தைத் தொடங்குங்கள். ஐந்து பாகமானாலும் வாங்குகிறேன். குளக்கரையில் தொடங்கினால் மட்டும் வாங்க மாட்டேன்.