தாசில்தாருக்கும் ஒரு தறிக்குழி

அரசாங்கச் செலவைக் குறைக்க அறிக்கை எழுதணும், யோசனை வேணும்னு கேக்குற. சரியான ஆள்கிட்டத்தான் வந்திருக்க பேராண்டி. உங்க கம்பெனிக்காரங்க மெட்ராஸ்ல ஏசி ரூம்ல உக்காந்துகினு கண்டுபுடிக்கப் போறதெல்லாம், கலசப்பாக்கத்துலயும் தேவிகாபுரத்துலயும் ஆரணியிலயும் குழிக்குள்ள காலை வுட்டுக்கினு தறி ஓட்டுறவனுக்கு எப்பவோ அத்துப்படி. செலவே இல்லாம ஆளை வேலை வாங்குறது எப்படின்னு பட்டு முதலாளிங்களுக்குத் தெரியும். அவங்ககிட்ட பாவு வாங்கி நெய்ஞ்சே வயசு போன ஆளு நான். எழுதிக்கோ.

மொதல்ல சத்தம் போடாத. அமெரிக்காவுல எலான் மஸ்க்னு ஒருத்தர், 2025 பிப்ரவரியில, மேடையில ரம்பத்தைத் தூக்கிக் காட்டினாரு. அர்ஜென்டினா அதிபர் மிலே குடுத்த ரம்பம் அது. 2 லட்சம் கோடி டாலர் மிச்சம் புடிச்சுக் காட்டுறேன்னு கெளம்பின மனுசன், மே மாசக் கடைசியில மூட்டையக் கட்டிட்டாரு. ரம்பம் எடுத்தா ஊரே திரும்பிப் பாக்கும். நம்ம டெல்லிக்காரங்க கெட்டிக்காரங்க. அவங்க காரியம் பக்கத்து வீட்டுக்காரனுக்கே தெரியாது.

எப்படின்னு கேளு. 1992-ல இருந்து அகில இந்திய கைத்தறி வாரியம்னு ஒண்ணு இருந்துச்சு. அரசாங்கத்துக்கு யோசனை சொல்ற வாரியம். அது எங்க வூட்டுக் கூரைய மாத்திக் குடுத்துச்சுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா, டெல்லியில தறிக்காரன் கஷ்டத்தை எடுத்துச் சொல்றதுக்கு அது ஒரு நாற்காலி. 2020 ஜூலை 27-ஆம் தேதி, கொரோனாவுல தறியெல்லாம் நின்னுபோய் நாங்க வாய்ல துணியக் கட்டிக்கினு உக்காந்திருந்த நேரம், ஒரே அறிவிப்புல அதைக் கலைச்சுட்டாங்க. கைவினை வாரியமும் விசைத்தறி வாரியமும் அடுத்த பத்து நாளுக்குள்ளயே போயிடுச்சு. குறைஞ்ச அரசு, நிறைஞ்ச ஆளுகைன்னு காரணம் சொன்னாங்க. அடுத்து ஆகஸ்ட் 7-ஆம் தேதி வந்துச்சு. அன்னிக்கு இன்னா நாளு? தேசிய கைத்தறி நாள்! 2015-ல பிரதமரே மெட்ராசுக்கு வந்து தொடங்கி வெச்ச நாளு. வாரியத்தைக் கலைச்ச பதினோராம் நாளு வாழ்த்து வந்துச்சு. கருமாதிக்கே பதினாறு நாள் பாப்பாங்க நம்ம ஊர்ல.

இதை நான் குத்தமா சொல்லல, பேராண்டி. மெச்சிக்கிறேன். குறை சொல்ற இடத்தையே எடுத்துட்டா குறை எங்கேர்ந்து வரும்? இதே ரூட்டுல போ. திங்கக்கிழமை ஆனா கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் கூட்டம்னு ஒண்ணு நடக்குது. எவ்ளோ பந்தல், எவ்ளோ தண்ணி கேன், எவ்ளோ போலீசு! அதை மூடிட்டு, வருசத்துல ஒரு நாளை 'மனுதாரர் தினம்'னு அறிவிச்சுடு. வாழ்த்து வாட்சப்புல அனுப்பிக்கலாம், பைசா செலவில்ல.

இப்ப பெரிய யோசனைக்கு வரேன். பேனாவ நல்லாப் புடி.

அரசாங்கத்துக்குப் பெரிய செலவு சம்பளமும் பென்சனும்னுதான உங்க அறிக்கையில மொத வரி? இதுக்கு மருந்து ஆரணிப் பட்டுத் தறியில இருக்குது. எங்க தொழில் எப்படி நடக்குதுன்னு பாரு. தறி என்னுது. தறி நிக்கிற வூடு என்னுது. குழி நான் தோண்டினது. முதலாளி பாவு குடுப்பாரு, ஊடை குடுப்பாரு, ஜரிகை குடுப்பாரு. எல்லாம் எடை போட்டுக் குடுப்பாரு, எடை போட்டு வாங்குவாரு. வூட்டுக்காரி தார் சுத்துவா, பாவு பிணைப்பா, புள்ளைங்க கூடமாட நிப்பாங்க. அவங்களுக்குன்னு தனியா கூலி கெடையாது. சேலை அறுத்துக்கினு போய்க் குடுத்தா ஒரு சேலைக்கு இவ்ளோன்னு ஒரே கூலி. கரையில ஒரு இழை பிசகினா பழுதுன்னு புடிச்சுக்குவாங்க. அடுத்த பாவு எப்ப வருதோ அதுவரைக்கும் சும்மா உக்காந்திருக்கணும், அந்தச் சும்மா இருக்கிறதுக்குக் கூலி கெடையாது. மழை காலத்துல குழியில தண்ணி ஊறிச்சுன்னா தண்ணிய மொண்டு ஊத்துறதும் என் வேலைதான். கல்யாணம் காச்சின்னா முதலாளிகிட்ட முன்பணம் வாங்கணும், வாங்கினா அவரைத் தவிர வேற ஆளுக்கு நெய்ய முடியாது.

இதை அப்படியே தூக்கி தாசில்தார் ஆபீஸ்ல வை.

தாசில்தாருக்கு ஆபீஸ் எதுக்கு? வூட்டுத் திண்ணையிலயே ஒரு குழி தோண்டிக்கட்டும். நாற்காலி அவரே வாங்கிக்கட்டும், கரண்டு பில்லு அவரே கட்டட்டும். சாதிச் சான்றுக்கு இவ்ளோ, வருமானச் சான்றுக்கு இவ்ளோ, பட்டா மாத்தத்துக்கு இவ்ளோன்னு துண்டுக் கூலி. வூட்டுக்காரம்மா பதிவேட்ட எழுதட்டும், மாமியாரு முத்திரை குத்தட்டும். பேருல ஒரு கொம்பு போச்சுன்னா, ஒரு சுழி மாறிச்சுன்னா, பழுது! கூலியில புடி. எத்தினி பேரு, ரேசன் கார்டுல ஒரு பேரு ஆதார்ல ஒரு பேருன்னு அலையறோம்? ஒரு மாசம் கூலி புடிச்சுப் பாரு, தமிழ்நாட்டுல எழுத்துப்பிழையே இருக்காது. மனு வரலைன்னா அவருக்கு அன்னிக்குச் சோறு இல்ல. அதனால அவரே தெருத்தெருவாப் போய் 'யாருக்காவது இறப்புச் சான்று வேணுமா'ன்னு கேப்பாரு. கேக்கிற அன்பைப் பாத்தே ரெண்டு பேரு செத்துப்போவான்.

சிரிக்காத. பென்சன் இல்ல, லீவு இல்ல, பஞ்சப்படி இல்ல, யூனியனும் இல்ல. தனியார்மயம்னு நீங்க இப்ப இங்கிலீசுல படிச்சுட்டு வந்து சொல்றதுலயே நாங்க பொறந்து வளர்ந்தோம். முன்மாதிரிக் கிராமம்னு எங்களுக்கு ஒரு போர்டாவது வைக்கச் சொல்லு.

ஆனா எதைத் தனியாருக்குக் குடுக்கணும், எதைக் கையில வெச்சுக்கணும்னு ஒரு கணக்கு இருக்குது. அது தெரியாம அறிக்கை எழுதினா உன்னை வேலைய வுட்டே எடுத்துடுவாங்க. அந்தக் கணக்கைப் படிக்கணும்னா 2003-ஆம் வருசத்தைப் படி. கஜானா காலின்னு சொன்ன காலம், ஜெயலலிதாம்மா ஆட்சி. ஏப்ரல் 1-லேர்ந்து வேலைக்குச் சேர்ற அரசு ஊழியருக்குப் பழைய பென்சன் கெடையாதுன்னு ஆச்சு. ஜூலையில வேலைநிறுத்தம் பண்ணவங்கள்ல 1 லட்சத்து 70 ஆயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பினாங்க. சிக்கனம்னா அது சிக்கனம். அதே வருசம் அரசாங்கம் புதுசா ரெண்டு தொழிலைத் தனியார்கிட்டேர்ந்து புடுங்கித் தன் கையில எடுத்துக்கிச்சு. அக்டோபர்ல ஆத்து மணல். நவம்பர்ல சாராயச் சில்லறைக் கடை. ஆளைக் குறைக்கணும்னு சொன்ன அரசாங்கம் பிராந்தி ஊத்தறதுக்கு ஆளெடுத்துச்சு. 2023-24-ல மட்டும் டாஸ்மாக் மூலமா வந்த வருமானம் 45,855 கோடி. இப்ப புரியுதா? செய்யாத்து மணலும் சாராயமும் மக்கள் சேவை, அதை அரசாங்கம்தான் செய்யணும். குப்பை வாரறதும் கக்கூஸ் கழுவறதும் வியாபாரம், அதைத் தனியார் பாத்துக்கணும்.

அதனால என் யோசனை: அரசாங்கம் ஒழுங்கா நடத்துற ஒரே ஆபீசு டாஸ்மாக்தான், எல்லாத்தையும் அங்கயே வெச்சுடு. பகல் 12 மணிக்குத் தெறக்குறான், ராத்திரி 10 மணி வரைக்கும் இருக்கான். ஆதார் கேக்கறதில்ல, ரெண்டு போட்டோ கேக்கறதில்ல, 'சர்வர் டவுனு, நாளைக்கு வா'ன்னு சொன்னதா யாரும் சொல்லிக் கேட்டதில்ல. கம்பிச் சந்துல கைய நீட்டினா ஒரு கையில பட்டா, ஒரு கையில சிட்டா. அங்க வேலை பாக்கிற பசங்களும் 2003-லேர்ந்து தொகுப்பூதியம்தான், இன்னும் நிரந்தரம் பண்ணல. வேற இன்னா வேணும் உன் அறிக்கைக்கு?

ரோட்டுக்கு வா. 2021 ஆகஸ்ட்ல டெல்லியில ஒரு திட்டம் போட்டாங்க, தேசியப் பணமாக்கல் திட்டம்னு. நாலு வருசத்துல 6 லட்சம் கோடி. ரோட்டுல மட்டும் 1 லட்சத்து 60 ஆயிரம் கோடி. விக்கலை, குத்தகைக்குத்தான் விடறோம், சொத்து அரசாங்கத்தோடதுதான்னு டெல்லி நிதியமைச்சரம்மா அடிச்சுச் சொன்னாங்க. நம்பினேன். நம்ம ஏரிக்கரைப் புளியமரம் கூடப் பஞ்சாயத்தோடதுதான். குத்தகை எடுத்தவன் உலுக்கின உலுக்குல கிளை மிஞ்சுச்சா, அதைக் கேளு.

நம்ம கலசப்பாக்கத்துலேர்ந்து திருவண்ணாமலைக்குப் போறதுன்னா இனாம்காரியந்தல்ல சுங்கம் கட்டணும். கட்டுறோம். ஆனா ஒருத்தர் மட்டும் கட்டறதில்ல. ரதசப்தமிக்கு வருசா வருசம் அண்ணாமலையார் நம்ம செய்யாத்துக்குத் தீர்த்தவாரிக்கு வராரே, அவரு! நம்ம ஊரு சாமி திருமாமுடீஸ்வரர் போய் எதிர்கொண்டு கூப்பிடறாரு, ஊரே தெரண்டு நிக்குது, மேளம் இன்னா, வாணவேடிக்கை இன்னா. சுங்கம் மட்டும் சைபர். வருமான இழப்புன்னு எழுது. பல்லக்குத் தண்டுல பாஸ்டேக் ஒட்டச் சொல்லு. 3,000 ரூபா குடுத்தா வருசத்துக்கு 200 தடவைன்னு 2025 சுதந்திர தினத்துல ஒரு பாஸ் குடுக்க ஆரம்பிச்சாங்களாமே, அது அவருக்குக் கட்டுப்படியாகாது. போகவர ரெண்டு தடவைதான். மீதி 198-ஐ மனுசப்பயலுங்களுக்கு வாடகைக்கு விட்டா கோயிலுக்கு வருமானம். இதையும் பணமாக்கல்ல சேத்துக்கோ.

கிழவனுங்ககிட்ட மிச்சம் புடிக்கறதுல ஏற்கெனவே நல்லா முன்னேறிட்டாங்க. 60 தாண்டின ஆம்பளைக்கு ரயில்ல நூத்துக்கு 40 தள்ளுபடி, 58 தாண்டின பொம்பளைக்குப் பாதி. 2020 மார்ச்சுல கொரோனாவுக்குன்னு நிறுத்தினாங்க. கொரோனா போயிடுச்சு, தள்ளுபடி வண்டி இன்னும் வந்து சேரல. தபாலாபீஸ்ல பதிவுத் தபாலையும் 2025-ல விரைவுத் தபாலோட சேத்துட்டாங்க. பரவால்ல, எனக்கு எவன் பதிவுத் தபால் போடப்போறான், பேங்குக்காரனைத் தவிர.

பேங்குன்னதும் ஞாபகம் வருது. 2021 ஆகஸ்ட்ல, அப்ப நம்ம நிதியமைச்சரா இருந்த பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வுட்டாரே, அதுல தமிழ்நாட்டுல ஒவ்வொரு குடும்பத்து மேலயும் 2,63,976 ரூபா கடன்னு போட்டிருந்துச்சு. நான் ரெண்டு நாளு யோசிச்சேன். முதலாளிகிட்ட முன்பணம் வாங்கினா கையெழுத்து வாங்குவாரு, காசைக் கையில எண்ணி வைப்பாரு. இங்க கையெழுத்தும் வாங்கல, காசையும் காட்டல, கடன் மட்டும் என் பேருல இருக்குது. முதலாளியே தேவலைன்னு தோணுச்சு. டெல்லியில, 2019 செப்டம்பர்ல கம்பெனிங்களுக்கு வரியக் குறைச்சாங்க, வருசத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி விட்டுக்குடுத்து. அதை யாரும் குடும்பத்துக்கு இவ்ளோன்னு வகுத்துச் சொல்லல. எங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட் இலவசக் கரண்டு, 2023-ல 300 ஆக்கினாங்க. அதை மட்டும் நீ மறக்காம உன் அறிக்கையில செவப்பு மையில எழுதுவ, எனக்குத் தெரியும்.

ஒரு இடத்துல மட்டும் எனக்கு விளையாட்டு வரல பேராண்டி. 2025 ஆகஸ்ட்ல மெட்ராஸ்ல ராயபுரம், திரு.வி.க. நகர் பக்கம் குப்பை வாரற வேலையத் தனியாருக்குக் குடுத்தாங்க. பெருக்கிறவங்க, பாதிக்கு மேல பொம்பளைங்க, ரிப்பன் மாளிகை வாசல்ல பதிமூணு நாளு உக்காந்தாங்க. 23 ஆயிரம் கிட்ட வாங்கினோம், இனிமே 17 ஆயிரம் கூட வராதுன்னு கேட்டாங்க. ராத்திரியோட ராத்திரியா வண்டியில ஏத்தினாங்க. மறுநாளே அமைச்சரவை கூடி, தூய்மைப் பணியாளருக்குக் காலைச் சாப்பாடு இலவசம்னு அறிவிச்சாங்க. எங்க முதலாளிங்களும் கூலி ஏத்தச் சொல்லிக் கேட்டா, தீபாவளிக்கு ஒரு வேட்டி எடுத்துக் குடுப்பாங்க. அந்த வேட்டிய நாங்க கட்டினதில்ல.

சரி, உன் அறிக்கைக்குக் கடைசிப் பத்தி சொல்றேன், இதை மட்டும் திருத்தாம போடு. கைத்தறி வாரியத்தைக் கலைச்சதுல இதுவரைக்கும் எத்தினி ரூபா மிச்சமாச்சுன்னு முதல் பக்கத்துல எழுதணும். அந்த ரூபாயில எத்தினி தறி ஓடுதுன்னு ரெண்டாவது பக்கத்துல எழுதணும். செலவைக் குறைக்கச் சொல்ற அதிகாரிங்க, அமைச்சருங்க, உங்க கம்பெனி ஆளுங்க எல்லாரும் ஆரணியில ஒரு பாவு வாங்கி, குழியில உக்காந்து, நெய்ஞ்சு முடிச்சுட்டு வரணும். கூலி, சேலை வித்த பொறவு.