நடுரோட்டு நீதிமன்றம்

அண்ணா சாலை சிக்னலில் ஒரு கார் முன்னால் நின்ற காரின் பம்பரை இடித்துவிட்டால், இரண்டே நிமிடத்தில் நீதிமன்றம் கூடிவிடுகிறது. ஹெல்மெட் கழற்றாத பைக்காரர் நீதிபதி. ‘பெரிய வண்டி மேலதான் தப்பு’ என்பது சட்டம். இதைக் கேலி செய்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. கார் காப்பீட்டில் ஓராண்டு கிளெய்ம் கேட்காவிட்டால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி; ஐந்தாண்டு வாயைத் திறக்காவிட்டால் 50 சதவீதம். கேட்டால் அந்தச் சலுகை போகும். சிறிய காரானாலும் முதல் 1,000 ரூபாய் நம் தலையில்தான். இடித்தவரின் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கலாமே என்றால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வரை நடக்க வேண்டும், ஒரு பம்பருக்காக! பிரீமியத்தை வாங்கிக்கொண்டு, பேசாமலிருக்கப் பரிசும் தருகிற ஏற்பாட்டில், டிங்கரிங் செலவை ஜிபேயில் வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்தான் விவரமானவர்.

வெளியே கீறல்தான், உள்ளே சென்சார் போயிருந்தால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. அதற்காகத்தான் நம்பர் பிளேட்டோடு போட்டோ எடுத்து, தொகையை வாட்ஸப்பில் எழுதி வாங்கச் சொல்கிறார்கள். நம்மவர்களோ கூட்டத்தைத்தான் வீடியோ எடுப்பார்கள். குரல் பெரியவர் ஜெயிக்கிறார், தனியாக ஓட்டிவந்த பெண்ணுக்கு மோதலுக்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது என்பதும் உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால், ஆளுக்குக் காயம் என்றால் இந்தப் பஞ்சாயத்துக்கு அதிகாரமே கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு மருத்துவ உதவியையும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தகவலையும் கேட்கிறது. அதற்கு ஜிபே செல்லாது.