உலக வங்கித் தலைவர்: நாற்காலி யாருடையது?

கே: உலக வங்கித் தலைவர் அஜய் பங்கா நம் நாட்டுக்காரர். அப்படியானால் அந்த நாற்காலி இந்தியாவுக்கு வந்துவிட்டது என்று சொல்லலாமா?

ப: ஆள் இங்கிருந்து போனவர். நாற்காலி அங்கேயேதான் இருக்கிறது. புனேயை ஒட்டிய கட்கியில் பிறந்தார். ஐதராபாத், டெல்லி, அகமதாபாத் ஐ.ஐ.எம். என்று படித்தார், நெஸ்லேயில் வேலைக்குச் சேர்ந்து மாஸ்டர்கார்டின் தலைமை வரை உயர்ந்தார். பெருமைப்பட எல்லா நியாயமும் உண்டு. ஆனால் 2007 முதல் அவர் அமெரிக்கக் குடிமகன். 2023-இல் அவர் பெயரை முன்மொழிந்தவர் அதிபர் ஜோ பைடன்.

கே: அமெரிக்கர்தான் தலைவராக வேண்டும் என்று சட்டமே இருக்கிறதா?

ப: ஒரு வரிகூடக் கிடையாது. 1944-இல் பிரெட்டன் வுட்ஸில் 44 நாடுகள் கூடி எழுதிய வங்கியின் ஒப்பந்தம், நிர்வாக இயக்குநர்கள் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று மட்டும்தான் சொல்கிறது. உலக வங்கி அமெரிக்காவுக்கு, சர்வதேச நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) ஐரோப்பாவுக்கு என்பது பிறகு பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. 1946-இல் யூஜின் மேயர் தொடங்கி பங்கா வரை 14 தலைவர்கள். பதினான்கு பேரும் அமெரிக்கர்கள், பதினான்கு பேரும் ஆண்கள். 2019-இல் இரண்டு மாதம் பல்கேரியாவின் கிறிஸ்டலினா ஜார்ஜீவா பொறுப்பில் இருந்தார், அதுவும் இடைக்காலமாக. பரம்பரை அறங்காவலர் முறையை ஊர்க்கோயிலிலேயே கேள்வி கேட்கிற காலம் இது. உலகத்துக்கே கடன் கொடுக்கிற இடத்தில் ஏன் கேட்கக் கூடாது?

கே: யாருமே எதிர்த்து நிற்கவில்லையா?

ப: நின்றார்கள். 2012-இல் நைஜீரிய நிதியமைச்சர் இங்கோசி ஒகோஞ்சோ-இவேலா களமிறங்கினார். உலக வங்கியிலேயே மேலாண்மை இயக்குநராக இருந்து, அதன் உள்ளும் புறமும் தெரிந்தவர். கொலம்பியாவின் முன்னாள் நிதியமைச்சர் ஹோசே அந்தோனியோ ஒகாம்போவும் போட்டியிட்டு, கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார். ஒபாமா நிறுத்திய ஜிம் யோங் கிம் ஜெயித்தார். ஏழைகளின் காசநோய்க்கும் எய்ட்ஸுக்கும் மருத்துவம் கொண்டுசென்றவர் கிம். அந்தப் பணியை நான் மதிக்கிறேன். ஆனால் மேசையில் இருந்த இரண்டு விண்ணப்பங்களில் வங்கி நடத்தும் அனுபவம் யாருக்கு அதிகம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கிம் இரண்டாவது பதவிக்காலத்தில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் பாக்கி இருக்கும்போதே விலகி, தனியார் முதலீட்டு நிறுவனத்துக்குப் போனார். ஒகோஞ்சோ-இவேலா 2021-இல் உலக வர்த்தக அமைப்பின் தலைமை இயக்குநரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண், முதல் ஆப்பிரிக்கர்.

கே: யார் வந்தால் என்ன? கடன் கடன்தான், வட்டி வட்டிதான்!

ப: அப்படி விட்டுவிட முடியாது. வியட்நாம் போரை நடத்திய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மக்னமாரா 1968-இல் இந்த வங்கிக்கு வந்தார். ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலராக இருந்த கடனை 1981-இல் போகும்போது 1,200 கோடிக்கு மேல் கொண்டுபோயிருந்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் ஆற்றோர ஈக்கள் பரப்பிய நோயால் ஊர் ஊராகப் பார்வை இழந்தவர்களை நேரில் பார்த்தார். 1974-இல் உலகச் சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து அந்த நோய்க்கு எதிரான பெரிய திட்டம் தொடங்கியது. அதே மனிதரின் காலத்தில்தான் இந்தோனேசியாவின் சுஹார்த்தோ, ஜயரின் மொபுட்டு என்ற சர்வாதிகாரிகளுக்கும் கடன் போனது. நல்லதும் கெட்டதும் அவர் மேசையிலிருந்தே கிளம்பின.

நம் நர்மதையையே பாருங்கள். சர்தார் சரோவர் அணைக்கு 1985-இல் 45 கோடி டாலர் தர வங்கி ஒப்புக்கொண்டது. நிலமும் வீடும் இழந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, வங்கியே அமைத்த மோர்ஸ் குழு 1992-இல் மறுவாழ்வு ஏற்பாடு சரியில்லை, வங்கி விலகி நிற்கட்டும் என்று அறிக்கை கொடுத்தது. அதன் பிறகும் தலைவர் லூயிஸ் பிரெஸ்டனும் இயக்குநர் குழுவும் நிபந்தனைகளோடு தொடரவே முடிவெடுத்தார்கள். 1993 மார்ச்சில் மிச்சக் கடன் வேண்டாம் என்று இந்தியாதான் முடித்துவைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் நேரடியாக முறையிட வங்கியில் ஒரு விசாரணைக் குழு வந்தது அதே ஆண்டில்தான். நர்மதைக் கரையின் பழங்குடி மக்கள் உலகத்துக்கே வாங்கிக் கொடுத்த உரிமை அது.

கே: மற்ற வளர்ச்சி வங்கிகள் எப்படி?

ப: மணிலாவில் இருக்கும் ஆசிய வளர்ச்சி வங்கிக்கு 1966 முதல் ஜப்பானியர்தான் தலைவர். பெய்ஜிங்கில் இருக்கும் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கிக்கு இதுவரை சீனர்தான். பெரும்பணம் போட்ட நாட்டுக்கே நாற்காலி. எனக்குப் பிடித்தது ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி. 2025 மே மாதம் அபிஜானில் ஐந்து பேர் போட்டியிட்டார்கள். மொத்த உறுப்பு நாடுகளின் ஓட்டுகளில் பெரும்பான்மையும் வேண்டும், ஆப்பிரிக்க நாடுகளின் ஓட்டுகளில் பெரும்பான்மையும் தனியாக வேண்டும். மூன்றாவது சுற்றில் மொரிட்டானியாவின் சிதி ஓல்த் தா வென்றார். கடன் வாங்குபவர் சம்மதம் இல்லாமல் அங்கே யாரும் தலைவராக முடியாது.

கே: உலக வங்கியில் இந்தியாவின் ஓட்டு எவ்வளவு?

ப: ஏறத்தாழ 3 சதவீதம். அமெரிக்காவுக்கு 16-ஐ ஒட்டி. 25 இயக்குநர்களில் ஒருவரை இந்தியா, வங்கதேசம், பூடான், இலங்கை நான்கும் பகிர்ந்துகொள்கின்றன. ஒப்பந்தத்தைத் திருத்த 85 சதவீதம் வேண்டும் என்பதால் அதை அமெரிக்கா தனியாகவே தடுத்துவிடலாம். தலைவர் தேர்வுக்கோ பாதிக்கு மேல் இருந்தால் போதும்! ஐரோப்பா கூட நின்றால் நாளைக்கே மாற்றலாம். ஐ.எம்.எஃப். கைவிட்டுப் போய்விடுமே என்ற கவலையில் ஐரோப்பா அசைவதில்லை.

கே: அடுத்த தேர்வில் வேட்பாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால்?

ப: பங்காவின் ஐந்தாண்டு 2028-இல் முடிகிறது. எந்த நாட்டவர் வந்தாலும் நான் கேட்பது இதுதான்: உங்கள் கடனில் கட்டிய அணையால் வீடு இழந்தவர் புகார் கொடுத்தால், எத்தனை நாளில் அந்த ஊருக்குப் போய் நிற்பீர்கள்?