மூக்கில் ஈயம்

1996-இல் என் முதல் ஸ்பிட்ஃபயருக்கு மோட்டார் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கோயம்புத்தூரில் என் கைக்கு எட்டியதே ஒன்றுதான். சிங்கப்பூர் மாமா வாங்கி வந்த ரிமோட் காரின் வயிற்றிலிருந்து 540 மோட்டாரைப் பிடுங்கி, பால்சா மரத்தில் செய்த போர்விமானத்தின் மூக்கில் பொருத்தினேன். போன வருடம் இரண்டாவது ஸ்பிட்ஃபயருக்கு மோட்டார் தேர்ந்தெடுக்க 23 நாள் ஆனது. வசதி பெருகிவிட்டது அல்லவா!

540-ஐ மிக்ஸி மோட்டாரின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இரண்டு கார்பன். அவை ஓயாமல் உரசுகிற செம்பு வளையம். புதுக் கார்பனின் முனை தட்டை, செம்போ உருண்டை. சரியாகத் தொடாமல் பொறி கக்கும். இரண்டும் பொருந்தும்வரை பழக்க வேண்டும். மோட்டாரைத் தண்ணீரில் முக்கி, இரண்டு டார்ச் பேட்டரியில் மெதுவாக ஓடவிடுவது அன்றைய வைத்தியம். நானும் எவர்சில்வர் டம்ளரில் முக்கினேன். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் டிகாஷன் நிறத்துக்கு வந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "ஏன்டா, காப்பி குடிக்கற டம்ளர்லயா மோட்டாரக் குளிப்பாட்டறே?" என்றாள். அந்த டம்ளர் அதற்குப் பிறகு காப்பியைப் பார்க்கவில்லை. குளித்த மோட்டாரை ஊதி உலர்த்தி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பொறியால் ரேடியோ குழம்பி விமானம் சாமியாடக் கூடாதே என்று மூன்று கெபாசிட்டரைப் பற்றவைத்தேன். எங்கள் வீட்டில் பச்சைக் குழந்தைக்கும் அவ்வளவு பண்டுவம் நடந்ததில்லை.

பதிலுக்கு அது என்ன செய்தது? மோட்டார் 165 கிராம், ஏழு செல் நிக்கல் காட்மியம் பேட்டரி 400 கிராம், விமானம் மொத்தம் ஒன்றேகால் கிலோ. பேட்டரியிலிருந்து 130 வாட் இழுக்கும். அதில் பாதிக்குக் கிட்டே சூடாகப் போய்விடும். எடையைக் குறைக்க முதலில் பெயின்ட்டைச் சுரண்டினேன். பிறகு சக்கரங்களைக் கழற்றினேன். கடைசியில் விமானியையும் இறக்கிவிட்டேன். தம்பி வறண்ட குளத்தில் முப்பதடி ஓடி வீசியெறிய, ஆளில்லாத ஸ்பிட்ஃபயர் நாலு நிமிடம் விழாமல் சமாளித்தது. நிஜ ஸ்பிட்ஃபயர் 1936 மார்ச்சில் முதன்முதலாக எழும்பியபோது அதன் மூக்கில் இருந்தது 27 லிட்டர் மெர்லின் எஞ்சின், ஆயிரம் குதிரைத்திறனை ஒட்டி. என்னுடையது ஒரு குதிரையில் பத்தில் ஒரு பங்கு. இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் 1957-லேயே 'ரேடியோ குவீன்' என்ற மாடலை மின்மோட்டாரில் பறக்கவிட்டவர். அவரை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்வேன்.

2000-க்குப் பிறகு கார்பனே இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் வந்தது. விலையைக் கேட்டால் தலைதான் சுற்றியது. அந்தக் காலத்தில் மாடல்காரர்கள் பல ஊர்களில் செய்ததையே நானும் செய்தேன்: செத்துப்போன சிடி டிரைவின் மோட்டாரைப் பிரித்து, வலுவான காந்தங்களை ஒட்டி, வேறு கம்பி சுற்றுவது. கம்பிக்காக எங்கள் தெரு வைண்டிங் கடைக்குப் போனேன். ஆயுளெல்லாம் போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டியவர் கடைக்காரர். ஒன்பது பல் கொண்ட என் குட்டி ஸ்டேட்டரைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது த்ரீ ஃபேஸுங்க தம்பி. ஸ்டார் போடட்டுங்களா, டெல்டாவுங்களா?" என்றார். நான் ஒரு மாதம் படித்துப் புரிந்துகொண்டது அவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. திசை மாறிச் சுற்றினால் மூன்றில் ஏதாவது இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தால் போதும் என்றும் சொல்லியனுப்பினார். போர்வெல்லுக்கும் அதுதானே. காசு வாங்கவில்லை. அந்த மோட்டார் ஒரு தெர்மாகோல் விமானத்தை மொட்டைமாடிக்கு மேலே ஏற்றியது.

இப்போது கடையில் மோட்டார் கொட்டிக் கிடக்கிறது. ஒரு கம்பெனி உள்ளே இருக்கும் ஸ்டேட்டரை அளந்து 28 என்று பெயர் வைக்கிறது. இன்னொன்று வெளியுறையை அளந்து 35 என்கிறது. இரண்டும் ஒரே மோட்டாராக இருக்கலாம். என் 23 நாளில் பாதி இதில் போயிற்று. மிச்சம் 'கேவி'யில். கேவி 1000 என்றால் சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று. மூன்று செல் லித்தியம் பேட்டரியில் 11,100. கேவி கூடினால் வேகம் கூடும், ப்ரொப்பெல்லர் சிறுக்க வேண்டும். போர்விமானத்துக்கோ தடித்த மூக்கு. சின்ன ப்ரொப்பெல்லர் அதன் மறைவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் கேவி குறைந்த மோட்டார், 10 அங்குல ப்ரொப்பெல்லர், கிலோவுக்கு 300 வாட் என்று முடிவு செய்தேன். பறந்தது, அற்புதமாக. ஒரு அங்குலம்தானே என்று அடுத்த வாரம் 11 போட்டேன். 28 ஆம்பியர் காட்டிய மீட்டர் 37-க்குத் தாவியது. 30 ஆம்பியர் கன்ட்ரோலர் ஊதுபத்தியாகிவிட்டது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"சர்வீஸே வேண்டாம் சார்" என்றுதான் கடைக்காரர் விற்றார். கார்பன் இல்லை, உண்மை. ஆனால் வேறு வேலை இருக்கிறது. ஸ்பிட்ஃபயர் புல்லில் இறங்கினால் மூக்கைக் குத்தும். குத்தினால் ஷாஃப்ட் வளையும். வளைவு கண்ணுக்குத் தெரியாது. ப்ரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றி, நுனி இரண்டும் ஒரே இடத்தைக் கடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். காந்தம் குளத்து மண்ணிலிருக்கும் இரும்புத்தூளை இழுத்து வைத்துக்கொள்ளும். செல்லோ டேப்பால் ஒற்றி எடுக்க வேண்டும். பேரிங்குக்கு அதே தையல் மிஷின் எண்ணெய்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஸ்பிட்ஃபயருக்குக் குட்டை மூக்கு. புது மோட்டார் 98 கிராம்தான், பேட்டரியும் பாதி எடைக்குக் குறைவு. விளைவு, வால் தாழ்ந்தது. விமானியைத் திரும்ப ஏற்றியதில் இன்னும் தாழ்ந்தது. டயர் கடையில் சக்கரத்துக்கு ஒட்டுகிற பேலன்ஸிங் ஈயம் 70 கிராம் வாங்கி மோட்டாருக்குக் கீழே ஒட்டினேன். இப்போது மூக்கின் எடை 168 கிராம். பழைய மோட்டாரைவிட 3 கிராம் அதிகம்.