எழுபது பர்சன்ட் தம்பி

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி ஆர்ச் கேட் போகும் வழியில் காடாம்புலியூர் வந்துவிட்டது என்பதைச் சாலையோர முந்திரிக் கடைகளே சொல்லிவிடும். கடைக்காரர் ஒரு பிடி பருப்பை அள்ளி, "வாயில போட்டுப் பாருங்க, புடிச்சா வாங்குங்க" என்பார். அது பழைய தலைமுறை. அவருக்குப் பின்னால் தலையில் வலைத்தொப்பி மாட்டிய ஒருவர் உங்கள் வாயையே பார்த்தபடி நிற்பார். வயது முப்பதுக்கு மேல், நாற்பதுக்குள். "சார் டார்க் சாப்பிடுவீங்களா?" என்று மெதுவாகக் கேட்பார். நீங்கள் பதில் சொல்வதற்குள் நகக்கண் அளவு ஒரு துண்டு உள்ளங்கைக்கு வந்துவிடும். "கடிச்சிடாதீங்க. நாக்குல வச்சுக் கரைய விடுங்க. முதல்ல உலர்திராட்சை வரும், அப்புறம் லேசா புளிப்பு, கடைசியில மண்வாசனை." உங்களுக்கு வருவது கசப்பு ஒன்றுதான். அதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இவர் கைவினை சாக்லேட்காரர். இந்த இனத்தில் பெரிய பெயர்கள் உண்டு. ஆனைமலைப் பக்கம் ஒரு குடும்பம் தன் தோட்டத்துக் கொக்கோவிலேயே 'சோக்லெட்' செய்கிறது. ஆரோவில்லில் 2014 முதல் 'மேசன் அண்ட் கோ' இருக்கிறது. நம்மவர் இன்னும் அந்த வரிசைக்கு வராதவர். முந்திரி, மளிகை, ஜவுளி என்று ஏதாவது ஒரு குடும்பத் தொழிலின் முதுகில் உட்கார்ந்து சாக்லேட் செய்கிறவர். தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் ஒருவர் கிடைப்பார். முந்திரி ஊரில் வைத்துப் பார்த்தால்தான் இவருடைய முழு அழகும் தெரியும்.

படித்தது மெக்கானிக்கல். வேலை பார்த்தது பெங்களூரில், கம்ப்யூட்டர் முன்னால். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்லேட் பயிற்சி வகுப்புக்குப் போனார், திங்கட்கிழமை ராஜினாமா. பெட்டியில் '70%' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தார். ஊர் அதையே பெயராக வைத்துவிட்டது. டீக்கடையில் கேட்டார்கள்: "மீதி முப்பது இன்னா தம்பி?" "சர்க்கரைண்ணே." "அத மட்டும் தனியா குடேன்."

ஊட்டியைப் பற்றி மட்டும் இவரிடம் பேசக் கூடாது. "ஊட்டி சாக்லேட் மாதிரியா?" என்று யாராவது கேட்டால் வலைத்தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பதில் சொல்வார். காம்பவுண்டு, தாவரக் கொழுப்பு, கொக்கோ வெண்ணெய் என்று அரை மணி நேரம் போகும். அதற்குள் அவர் அப்பா பின்னால் நின்ற நாலு பேருக்கு முந்திரியை எடை போட்டு அனுப்பியிருப்பார்.

அப்பாவுக்கும் மகனுக்கும் நடக்கும் பெரிய சண்டை கசப்பைப் பற்றியதல்ல, ஐவரி கோஸ்ட்டைப் பற்றியது. உலகக் கொக்கோவில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் விளைவது அங்கேதான். மகன் அதைத் தொட மாட்டார். பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராக விளைந்த கொட்டைதான் வேண்டும். எந்தத் தோப்பு, எத்தனை நாள் புளிக்க வைத்தது என்று பெட்டியில் போட வேண்டும். அப்பாவுக்கோ அதே ஐவரி கோஸ்ட்தான் சோறு போடுகிறது. பச்சை முந்திரிக்கொட்டையும் அங்கிருந்துதான் கப்பலேறி, தூத்துக்குடி வழியாக மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் இந்தப் பக்கத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்துப் போட்ட பிறகு அந்தத் தேவை இன்னும் கூடிப்போனது. "அந்த ஊர்க்காரன் கொட்டையில படிச்சவன்டா நீ. அவன் கொக்கோ மட்டும் உனக்குத் தீட்டா?" என்பார் அப்பா. 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கொக்கோ டன் 12,000 டாலரைத் தாண்டியபோது பொள்ளாச்சிக் கொட்டையும் கூடவே ஏறியது. அன்று மகன் கைப்பேசியில் விலையைப் பார்த்துவிட்டுச் சோறு வேண்டாம் என்று எழுந்தார். முப்பது வருடமாகக் கொட்டை விலை பார்த்துப் பார்த்து எழுந்த அப்பா அவரை உட்கார வைத்தார். குடும்பத் தொழில் மகன் கைக்கு மாறியது அன்றைக்குத்தான் என்பது என் அபிப்பிராயம்.

கொக்கோ அரைக்கும் இயந்திரம் என்று பார்த்தால், நம் வீட்டு இட்லி கிரைண்டரின் சித்தப்பா பையன். அமெரிக்காவில் வீட்டிலேயே சாக்லேட் செய்யக் கிளம்பியவர்கள், கொக்கோவை அரைக்க எது தாங்கும் என்று தேடிக் கோயம்புத்தூர் கிரைண்டரில் வந்து நின்றார்கள். அதே கருங்கல், கொஞ்சம் பலமான மோட்டார். இப்போது உலகம் முழுக்க அது ஓடுகிறது. ஆயாவுக்கு இது பெருமையல்ல, கவலை. "ரெண்டு நாளா அரைபடுதே, மாவு இன்னும் பொங்கலையா?" ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் மொத்தமும் கட்டிதட்டிப் போகும் என்று பேரன் சொல்லியும், கல்லு சூடாகுதே என்று சொம்போடு வந்தவர் அவர். அன்றிலிருந்து கதவுக்குப் பூட்டு.

நெய்வேலி அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்துகொண்டு கரண்ட் போய்விட்டது என்று புலம்புவது இந்தப் பக்கத்துச் சுகம். கிரைண்டர் நின்றால் ஏசி அறையில் சாக்லேட் கல்லோடு சேர்ந்து உறைந்துபோகும். கரண்ட் வந்ததும் சுவிட்சைப் போட்டால் மோட்டார் புகையும். எனவே அண்ணியின் தலைமுடி உலர்த்தும் கருவியை வாங்கி வந்து, குந்தி உட்கார்ந்து, கல்லைச் சுற்றிச் சுற்றிச் சூடு காட்டுவார். அண்ணி கல்யாணத்துக்குப் புறப்படும் நாளாகப் பார்த்துத்தான் கரண்ட் போகும்.

இன்னொரு காட்சி. வறுத்த கொக்கோவை உடைத்து, தோலை ஊதித் தள்ள ஓர் இயந்திரம் வாங்கினார். அது தோலோடு பருப்பையும் சேர்த்து ஊதியது. அப்பாவின் முந்திரித் தொழிற்கூடத்தில் கொட்டை உடைக்கும் அக்கா ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முறத்தை எடுத்தார். நாலு தட்டு, ஒரு சுழற்று, தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். முந்திரிப் பருப்பை முறியாமல் எடுத்துப் பழகிய கை அது; முழுப்பருப்புக்கும் உடைசலுக்கும் விலையில் எவ்வளவு தூரம் என்று தெரிந்த கை. அந்தப் பருப்பு மூட்டைமேல் 'கைவினை' என்று யாரும் அச்சடித்ததில்லை. சாக்லேட் பெட்டிமேல் மட்டும் தங்க எழுத்தில் இருக்கிறது.

வீட்டில் ஏசி உள்ள ஒரே அறை சாக்லேட் அறைதான். கொக்கோ வெண்ணெய் உருகுவது ஏறக்குறைய 34 டிகிரியில். அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40. ஆகவே மே மாதம் வந்துவிட்டால் வந்த உறவுக்காரர் குழந்தைகள் அத்தனையும் அந்த அறையில்தான் பாய் விரிக்கும். யாரோ ஒரு புண்ணியவான் அறுத்த பலாப்பழத்தையும், கெட்டுவிடக் கூடாதே என்று, உள்ளே கொண்டுபோய் வைத்தார். பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் இழுத்துக்கொள்வது சாக்லேட்டின் குணம். காலையில் மொத்தச் சரக்கும் பலா. தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்துபோய் 'பண்ருட்டிப் பலா, குறைந்த எண்ணிக்கை மட்டும்' என்று ஸ்டிக்கர் அடித்தார். நெய்வேலி டவுன்ஷிப்பில் இரண்டே நாளில் தீர்ந்தது. வாங்கியவர்கள் திரும்ப வந்து கேட்கிறார்கள். இவரால் இன்னொரு முறை அதைச் செய்ய முடியவில்லை. வேண்டுமென்றே வைத்தால் பலா இறங்க மாட்டேன் என்கிறது.

அப்பாவுக்கு எதையும் கிலோவாக்கித்தான் பார்க்கத் தெரியும். "அம்பது கிராம் இருநூத்தம்பதா? அப்ப கிலோ அஞ்சாயிரம்! நம்ம உசத்தி ரகம் ஒன் எய்ட்டி பருப்பே அதுல மூணுல ஒரு பங்கு வராதேடா!" என்று அதிர்ந்தவர், அடுத்த நாளே கடையின் முன்வரிசையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கு ஜி.எஸ்.டி. 18லிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததும் அவர் சொன்ன வாழ்த்து: "இப்பதான்டா முந்திரி ரேட்டுக்கு வந்து சேர்ந்த."

எது அதிகம் போகிறது என்று தம்பியைக் கேட்டால் எழுபது பர்சன்ட் என்பார். கணக்கு எழுதும் அண்ணியைக் கேளுங்கள். முழு முந்திரி பதித்த பால் சாக்லேட் என்பார். அதைச் செய்ய மாட்டேன் என்று தம்பி ஒரு வருடம் பிடிவாதம் பிடித்தார். செய்ய வைத்தது வீடு. கரண்ட் பில்லை அதுதான் கட்டுகிறது.

அந்தப் பக்கம் போனால் அவசியம் ஒரு பெட்டி வாங்குங்கள். வாங்கியதும் தின்றுவிடுங்கள். கடலூர் மாவட்ட வெயிலில் காருக்குள் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது பெட்டியில் உருப்படியாக இருப்பது முந்திரி மட்டும்தான். அதற்கு அப்பாவிடமே வாங்கியிருக்கலாம். விலையும் குறைவு, ஒரு பிடி இலவசமும் உண்டு.