திறந்த போனெட்டைச் சுற்றி நிற்றல்: ஒரு நுண்ணாய்வு

பழைய கார் சங்கங்களைப் பற்றி இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் காரைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். எந்த வருஷத்து மாடல், எத்தனை குதிரைத்திறன், எந்த ஜமீனில் நின்ற வண்டி என்று. அந்தச் சங்கங்களின் தலையாய செயல்பாடு ஆய்வுலகின் கண்ணில் படவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வரிசையாகக் கிளம்பும் கார்களில் ஒன்று வழியில் நின்றுவிடுகிறது. மற்ற வண்டிக்காரர்கள் ஓரங்கட்டி, இறங்கி வந்து, அதன் போனெட்டைத் திறந்துவைத்துச் சுற்றி நிற்கிறார்கள். அந்த நிற்றலே இவ்வாய்வின் முதன்மை ஆதாரம். கார், துணைமை ஆதாரம்.

ஆய்வு எல்லை: கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூர் முதல் மாமல்லபுரம் வரை. கால எல்லை: ஹோட்டலில் பொங்கல் தீர்வதற்கு முன். மாமல்லபுரத்துக்கு அப்பால் போய்வந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அவை செவிவழிச் செய்திகள்.

இயல் ஒன்று: காலப் பகுப்பு

இங்கிலாந்தில் 1934இல் தொடங்கிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப், 1930ஆம் ஆண்டோடு விண்டேஜ் காலத்துக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கும் ஓட்டத்திலோ 1905க்கு முன் செய்த வண்டி என்றால்தான் சேர்ப்பார்கள். நம் மத்திய அரசு 2021இல் திருத்திய மோட்டார் வாகன விதி இவ்வளவு இறுக்கம் காட்டவில்லை. சொந்த உபயோகத்து வண்டியாக இருந்து, முதல் பதிவுக்குப் பிறகு ஐம்பது ஆண்டு தாண்டியிருந்து, சேஸியையும் பாடியையும் இன்ஜினையும் பெரிதாக மாற்றாமல் இருந்தால் அது விண்டேஜ். இருபதாயிரம் ரூபாய் கட்டினால் நம்பர் பிளேட்டில் 'விஏ' என்று போட்டுக்கொள்ளலாம். ஆக, 1970இல் மாமா வாங்கி, நாம் பின்சீட்டில் வாந்தியெடுத்த அம்பாசடர் இன்று தொல்பொருள்.

அதே விதி இப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது என்கிறது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பழுது நீக்கல், தொழில்நுட்ப ஆய்வு ஆகியவற்றுக்கு மட்டும் சாலைக்கு எடுக்கலாம். பொங்கல் சாப்பிடப் போவது பட்டியலில் இல்லை. இக்கட்டுரை அவசரமாக எழுதப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இயல் இரண்டு: புதுப்பித்தல்

கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டியை வாங்கிவந்து, பிரித்துப் போட்டு, மனைவியிடம் மூன்று மாதம் என்று சொல்வது புதுப்பித்தல் எனப்படும். கிடைக்காத பாகத்தைப் புதுப்பேட்டையில் தேடுவார்கள். அங்கும் இல்லையென்றால் லேத்தில் கடைந்துகொள்வார்கள். முடிந்தபின் "எல்லாம் ஒரிஜினல்" என்பார்கள்.

இதில் பெயின்ட் சுரண்டுவது மட்டுமே ஆய்வாளருக்கு உகந்த பகுதி. எமரி தாளை நனைத்துத் தேய்க்கத் தேய்க்க, மேலே கறுப்பு, அதன் கீழ் வெள்ளை, அதன் கீழ் இடையில் யாரோ டிங்கரிங் செய்தபோது அப்பிய பட்டி, அதற்கும் கீழ் ஒரு மங்கிய பச்சை. கம்பெனி அடித்த நிறம் எது என்று தெரிய டேஷ்போர்டின் பின்புறத்தையோ கதவு ரப்பரின் அடியையோ பார்த்தால் போதும். அங்கே யாரும் கைவைத்திருக்க மாட்டார்கள். ஆனால் ரப்பரைத் தூக்கிப் பார்த்தால் விஷயம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுமே. இதுவும் ஓர் அகழாய்வே. மண்ணடுக்குகளில் கீழே போகப் போகக் காலம் பழசாகும். ஆய்வாளரின் சொந்த ஊரை நெருங்க நெருங்க இன்னும் பழசாகும்.

இயல் மூன்று: நிற்கும் நிலைகள்

நிற்றலைத் தீர்மானிப்பது போனெட்டின் கீல். பழைய ஆஸ்டின் செவனில் போனெட் நடுவில் மடங்கி, இடம் வலம் என இரு பக்கமாகத் திறக்கும். ஆகவே கூட்டமும் இரண்டாகப் பிரியும். ஒரு பக்கத்தார் பார்ப்பதை மறுபக்கத்தார் பார்க்க முடியாது. இரண்டு ஆய்வுப் பள்ளிகள் இப்படித்தான் தோன்றுகின்றன.

சென்னையை அடுத்து வண்டலூர்ப் பக்கம் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டில் போனெட், மட்காடு, ஹெட்லைட் எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். இன்ஜின் மொத்தமும் வெட்டவெளியில் நிற்க, முன்டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது. நிற்றலியலுக்கு இவ்வண்டி பெரும் இடைஞ்சல், உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில்: பின்னால் நிற்கிறார்கள். ஆய்வு எல்லைக்கு வெளியே.

நிற்பவர்களில் இடுப்பில் கைவைத்தவர் தலைவர். கழுத்தை மட்டும் நீட்டுபவர் உறுப்பினர். "அப்பவே சொன்னேன்" என்பவர் முன்னாள் தலைவர்.

இயல் நான்கு: பாடபேதம்

கோவளம் தாண்டி ஓர் அம்பாசடர் நின்றது. உரிமையாளர் புதுப்பேட்டை மெக்கானிக் ஒருவரிடம் வாட்ஸ்அப்பில் முறையிட, அவர் குரல் பதிவு ஒன்றை அனுப்பினார். காரணத்தைச் சொல்லும் இடத்தில் சரியாக ஒரு லாரி ஹாரன். எஞ்சிய மூலம் இவ்வளவே: "...யில்தான் சார் காரணம், பயப்படாதீங்க."

முதல் உரைகாரர் 'காயில்' என்று பாடம் கொண்டார். இக்னிஷன் காயில் சூடேறினால் ஸ்பார்க் விட்டுப்போகும், ஆறினால் திரும்பவும் வரும். இது பொருந்துகிறது.

இரண்டாம் உரைகாரர் கொண்டது 'ஆயில்'. எஸ்யூ கார்பரேட்டரின் தலையில் ஒரு சிறு மூடி இருக்கும். திருகி எடுத்தால் ஒரு மெல்லிய கம்பியும் வரும்; அது இயங்குவது ஆயிலில். அந்த ஆயில் வற்றினால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வண்டி திக்கும். திக்குமே ஒழிய நிற்காதே என்று முதல் உரைகாரர் மறுத்தார். திக்குதலின் முதிர்ந்த நிலையே நிற்றல் என்று இவர் விடையிறுத்தார்.

மூன்றாமவர், பொறியியல் படித்தவர், 'வெயில்' என்றார். அம்பாசடரின் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டியே இருக்கிறது. கடும் வெயிலில் இன்ஜின் சூடும் சேர்ந்தால் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். நீர்மத்தைத் தள்ளத் தெரிந்த பம்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது. வேப்பர் லாக் என்பார்கள். இவர் கருத்தை அவை ஏற்கவில்லை. எளிய பாடத்தைத் தள்ளி அரிய பாடத்தைக் கொள்வது பதிப்பு நெறி. எல்லாருக்கும் புரிகிற பாடம் மூலபாடமாக இருக்க வாய்ப்பே இல்லை.

நான்காமவர் தமிழ்த் துறையில் ஓய்வு பெற்றவர், மருமகனின் காரில் வந்தவர். 'மயில்' என்று பாடம் கண்டார். மயில் குறுக்கே வந்ததால் கார் நின்றது. மயில் குறிஞ்சிக்குரிய பறவை. காரோ கடலோரம், அதாவது நெய்தலில் நிற்கிறது. எனவே இது திணைமயக்கம். அவர் சான்று காட்டிய கட்டுரை ஒரு கருத்தரங்க மலரில் வந்தது. மலரைப் பதிப்பித்தவரும் கட்டுரையை எழுதியவரும் அவரே. அக்கட்டுரை தனக்கு ஆதாரமாகக் காட்டுவது, இன்னும் வெளிவராத இந்தக் கட்டுரையின் நான்காம் இயலை. பக்க எண் உட்பட. அந்த எண்ணுக்கு ஒத்துவரும்படி எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கிக்கொள்ள நாமும் இசைந்திருக்கிறோம்.

மெக்கானிக் உயிரோடுதான் இருக்கிறார். போன் போட்டுக் கேட்டிருக்கலாம். மூல ஆசிரியரைக் கேட்டுத் தெளிவது நம்மிடம் வழக்கமில்லை. அதை ஆரம்பித்தால் பல துறைகளை இழுத்து மூடவேண்டி வரும்.

இயல் ஐந்து

இதில் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து இயல் இருந்தால்தான் ஏற்பார்கள்.

பின்னிணைப்பு

விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, உடன் வந்த கார் ஒன்றின் டிரைவர் எதிர்க் கடையில் ஒரு வாளித் தண்ணீர் வாங்கி வந்தார். டிக்கியிலிருந்த பழைய பனியனை நனைத்துப் பிழிந்து பம்பின் மேல் சுற்றினார். 'உஸ்' என்று ஆவி எழுந்தது. துணி காயக் காய மறுபடி நனைத்தார். கொஞ்ச நேரம் பொறுத்து உள்ளே உட்கார்ந்து செல்ஃப் அடித்தார். இரண்டு முறை உறுமி, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. வெளியீடுகள் ஏதும் இல்லாதவர் என்பதால் அவர் செயலை ஆய்வேட்டின் உள்ளே சேர்க்க இயலவில்லை. ஆனாலும் முறைப்படி அவரையும் நேர்கண்டோம். நான்கு பாடங்களையும் விளக்கி, எது சரி என்று கேட்டோம்.

"மொதல்ல வண்டில ஏறுங்க சார், பம்ப் திரும்பச் சூடாயிடப் போவுது" என்றார்.

இது எந்தப் பாடத்தையும் நேரடியாக ஆதரிப்பதாகக் கொள்வதற்கில்லை.